பதினொன்றாவது ஆய்வாளர்

ஆராய்ச்சிச் செலவையும் ஆய்வாளர் எண்ணிக்கையையும் கணக்கெடுக்கும்போது, பதில் அனுப்பாத நிறுவனங்களுக்குப் போன வருட எண்ணோடு கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடுவது அந்தப் புள்ளிவிவர அலுவலகத்தின் வழக்கம். அங்கே எல்லோரும் கால்குலேட்டர் அக்கா என்று கூப்பிடும் ஊழியரும், வாய் திறக்காத ஓர் ஆய்வகத்தின் பத்து ஆய்வாளர்களைப் பதினொன்றாக்கினாள்.

“ஐயோ அக்கா, வருஷ ஆரம்பத்துலயே தீப்பிடிச்சு அந்தப் பத்துப் பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்களே!” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

அக்கா எண்ணை அழிக்கப் போனபோது தொலைபேசி அடித்தது.

“ஆய்வகத்துலேருந்து பேசறோம். எங்களை விட்டுடாம சேர்த்ததுக்கு நன்றிம்மா,” என்றது ஒரு சாந்தமான குரல். “ஆனா இங்க பத்துப் பேர்தான் இருக்கோம். பதினொண்ணாவது நாற்காலியைத் தொடச்சு வெச்சிருக்கோம். நீங்க எப்ப வர்றீங்க?”

நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அது தொலைபேசிக்குள் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால்.