வண்டிக்கு அடியில்

பெர்னார்டின் வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மங்களத்துக்குச் சுருக்கென்றது. வெல்டர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவளும் முக்குக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஷெட்டில் யார் நுழைந்தது?

"யாருய்யா அது? வெளிய வா!"

கால்கள் பதறின. முதலில் ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. அப்புறம் கிரீஸ் அப்பிய ஒரு முகம். ஸ்ரீகண்டன்!

ஜீவனஹள்ளியில் வண்டி பம்பர் என்றால் மங்களம் ஷெட்தான். பெங்களூரில் ஜீப் மாதிரி பெரிய வண்டி வாங்குகிறவர்கள் பலரும் பம்பரை மாற்றச் சொல்லி அவளிடம் வருவார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது பிரிகேட் ரோட்டில் காட்டிக்கொள்ளத்தான். பெர்னார்டும் ஸ்ரீகண்டனும் அந்த ரகம் இல்லை. வருஷா வருஷம் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடக்கும் போட்டிக்கு நிஜமாகவே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்.

கம்பெனி பம்பர் தாழ்வாகத் தொங்கும். மணல்மேட்டில் ஏறும்போது நேராகப் போய் மணலில் குத்தும். மங்களம் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, உயரத் தூக்கி, இரண்டு ஓரமும் சீவிய இரும்பு பம்பர் வைப்பாள். வண்டி புதைந்தால் கயிறு கட்டி இழுக்க, முன்னாலும் பின்னாலும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்த்து முடுக்கிய, ஓட்டை போட்ட கனத்த கொக்கித் தகடு. அவள் போட்ட பம்பர் ஒன்றுகூட இதுவரை கழன்றதில்லை. யாரும் கேட்காமலேயே அதைச் சொல்லவும் செய்வாள்.

போன வருஷம் வரை அந்த இரண்டு பேரும் நகமும் சதையும்தான். இந்த வருஷம் பெர்னார்ட் மட்டும் வந்தார். வண்டியை விட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"அக்கா, அந்த ஸ்ரீகண்டன் என் வண்டியைக் கண்ணால கூடப் பார்க்கக் கூடாது."

"ஏன் சார்? சினேகிதங்கதானே நீங்க?"

"சினேகிதனா? போன வருஷம் என் வண்டி மணல்ல புதைஞ்சு போச்சு. ஆள் கூட்டிட்டு வரேன்னு போனான். வரவே இல்ல. பொழுது சாயுற வரைக்கும் வெயில்ல வெந்தேன். ஒட்டகக்காரங்க பார்த்து கேம்ப்ல கொண்டுவந்து விட்டாங்க. அங்க ஐயா ஹாயா உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்கார்!"

"அடப் பாவி! நீங்க கவலைப்படாதீங்க சார். என் ஷெட்ல ஈ, காக்கா நுழையாது."

நுழைந்துவிட்டது. அதுவும் பட்டப்பகலில்.

"கைல என்னா சார் வச்சிருக்கீங்க? அளவு எடுத்தீங்களா?"

ஸ்ரீகண்டன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இல்லக்கா, சும்மா..."

"சும்மா யாராவது வெள்ளைச் சட்டையோட வண்டிக்கு அடியில படுப்பாங்களா? ஒண்ணு, இதே மாதிரி பண்ணிக்க அளவு எடுத்திருக்கீங்க. இல்லாட்டி எந்த போல்ட்டையோ லூஸ் பண்ண வந்திருக்கீங்க. எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

"ரெண்டும் இல்லக்கா."

"அப்போ பெர்னார்ட் சாரே வந்து கேட்கட்டும்." ரிசீவரை எடுத்தாள்.

"ஐயோ, வேண்டாம்க்கா! போட்டி முடியட்டும், அப்புறம் தாராளமா சொல்லுங்க."

"ஓஹோ! நீங்க ஜெயிச்சப்புறம் சொல்லணுமா?"

மங்களத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட வந்தவனை வெயிலில் தவிக்க விட்டது போதாது என்று, அவன் வண்டியில் கைவைக்க வேறு வந்திருக்கிறான் இந்த மனுஷன்! மடமடவென்று நம்பரை அழுத்தினாள்.

ஸ்ரீகண்டன் வேறு வழியில்லாமல் கையை நீட்டினார். டேப்பும் இல்லை, ஸ்பானரும் இல்லை. ஒரு ஷாக்கிள். குதிரை லாடம் மாதிரி வளைந்த இரும்பு, குறுக்கே ஒரு போல்ட். இழுக்கிற கயிற்றை வண்டியோடு சேர்க்கிற சாமான்.

"இந்த போல்ட் அவன் கொக்கி ஓட்டையில போகுதான்னு பார்த்தேன். அரை நூல் அளவு இடிக்குது."

"உங்க ஷாக்கிளுக்கும் அவர் வண்டிக்கும் என்னா சம்பந்தம்?"

"போன வருஷமும் இப்படித்தான் இடிச்சதுக்கா. அப்போ அவன் ஓட்டினது உங்ககிட்ட வராத வேற வண்டி, கம்பெனி கொக்கி. எங்கிட்ட கயிறு இருந்தது, வண்டி இருந்தது, இது மட்டும் போகல. அதான் ஆள் தேடிப் போனேன். மணல்ல வழி தப்பிடுச்சு. அலைஞ்சு அலைஞ்சு கேம்ப்ல வந்து விழுந்தேன். அவன் இருக்கிற எடத்தைச் சொன்னேன், ஆளுங்க கிளம்பினாங்க. தண்ணியில்லாம அலைஞ்சவன்னு எனக்கு டீயைக் குடுத்து உட்கார வச்சாங்க. அந்த நேரம் பார்த்து அவன் வந்து எறங்கினான்."

"இதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நம்பல."

ரிசீவரில் "ஹலோ... ஹலோ..." என்று பெர்னார்டின் குரல் கேட்டது. மங்களம் சத்தமில்லாமல் போனை வைத்தாள். கொஞ்ச நேரம் அவளுக்கு ஸ்ரீகண்டனின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு ட்ரில்லிங் மெஷினைத் தூக்கினாள்.

"தள்ளுங்க சார். தகடு நான் போட்டது. அரை நூல் என்ன, ஒரு நூல் பெருசாக்கினாலும் தாங்கும்."

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இப்போது போல்ட் இரண்டு ஓட்டையிலும் வழுக்கிக்கொண்டு போனது.

"பெர்னார்ட் சார் வரட்டும், நான் எடுத்துச் சொல்றேன். நான் சொன்னா நம்புவார்."

ஸ்ரீகண்டன் அவசரமாக மறுத்துத் தலையை ஆட்டினார்.

"வேண்டாம்க்கா. திரும்பப் புதைஞ்சா இழுக்க நான்தான் வரப்போறேன்னு தெரிஞ்சா, ரோஷத்துல கொக்கியையே மாத்திடுவான். அவன் என்னை நம்பணும்னு இல்ல... இந்த ஷாக்கிள் அவன் கொக்கியில சேர்ந்தா போதும்."