பேசாத மகள்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. பல்லடத்தில் வீட்டிலேயே நாள் முழுதும் இரைச்சலிடும் விசைத்தறிகளை ஓட்டும் மாசாணமும் பொற்கொடியும், மூன்று வயது மகள் நிலானியைக் கோவையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துவந்தனர்.

“பக்கத்து ஊட்டுல ஓயாமப் பேசறாளுங்க. எங்ககிட்ட வெறும் கைச்சாடைதான். என்ன கோபமோ!” என்று பொற்கொடி கண்கலங்கினாள்.

மருத்துவர் ஒரு கரடி பொம்மையை நீட்டினார்.

“இது வேண்டாங்க. யானை குடுங்க. உங்க மூக்கு ஏனுங்க இத்தாப் பெரிசு?” என்றாள் நிலானி.

மருத்துவர் சிரித்தார். “அம்மா அப்பாகூட ஏன் கண்ணு பேசறதில்ல?”

“பாவமுங்க, அவிங்களுக்குக் காது கேக்காது. தறிகிட்டப் போய் விளையாடக் கூப்பிட்டா, காதைத் தொட்டுக் கையை ஆட்டுவாங்க.”

மாசாணம் தலைகுனிந்தான். நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் தறிகளை நிறுத்திவிட்டு, மகளுடன் விளையாடுவதென இருவரும் முடிவு செய்தனர்.