காலியாக விட முடியாத வரி

நடமாட முடியாதவர்களை வீட்டில் தூக்கிப் பராமரிக்கும் இயந்திரத்துக்கு நிரல் எழுத வந்த சபீரா ஒரு வரியில் நின்றுவிட்டாள். பழைய நிரல்மொழியாக இருந்தால் அதைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள். இப்போது கட்டாயமாக்கப்பட்ட மொழியோ, உயிர் சம்பந்தப்பட்ட எந்த வரியையும் காலியாக விடச் சம்மதிப்பதில்லை. குலுக்கல் முறை என்று எழுதிப் பார்த்தாள். மொழி அதையும் திருப்பி அனுப்பியது.

வேறு வழியில்லாமல் கேட்டாள். "தீ கீ பிடிச்சா இது ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் தூக்கும். திரும்பி வர நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாது. முதல்ல யாரைத் தூக்கணும்?"

கட்டிலில் படுத்திருந்த தங்கசாமி சிரித்தார். "இதுல கேக்க என்னம்மா இருக்கு? அவளைத்தான். நான் இருந்து என்னத்தச் சாதிக்கப் போறேன்?"

சக்கர நாற்காலியில் இருந்த மனைவி ரோசம்மாள் மறுத்துப் பேசுவாள் என்று அவர் காத்திருந்தது சபீராவுக்கே தெரிந்தது.

"சரி, அப்படியே போட்டுரும்மா" என்றாள் ரோசம்மாள்.

சபீராவின் விரல் தயங்கியது. "யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"கல்யாணமான நாள்லேருந்து யோசிச்சாச்சு."

வரியை நிரப்பியதும் மொழி ஏற்றுக்கொண்டது. தங்கசாமியின் முகத்தில் அந்தச் சிரிப்பு கலையாமல் அப்படியே நின்றிருந்தது.

"பொறவு மாத்திக்கலாம்லா?" என்றார்.

"மாத்தலாம் ஐயா. ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். ரோசம்மாள் சபீராவின் பக்கம் திரும்பி, "வெயில்ல வந்திருக்க, மோர் குடிக்கியாம்மா?" என்று கேட்டாள்.