ஆட்டின் வாக்குமூலம்

கால்நடை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற ஜெசிந்தாவுக்கு வாய்மொழித் தேர்வு மட்டுமே பாக்கி. மூட்டுவலிக்கு அவள் உருவாக்கிய மாத்திரையால் குணமான வெள்ளாட்டையும் தேர்வு அறைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். சோதனைக்கு உட்பட்ட விலங்கை விசாரிக்காமல் பட்டம் தரக்கூடாது என்பது சட்டம். ஆடு நினைப்பதை அதன் கழுத்துப்பட்டை தமிழில் பேசும்.

"மாத்திரை எப்படி இருந்துச்சு?" என்று தேர்வாளர் கேட்டார்.

"ஒரே கசப்பு. ஒருநாளும் முழுங்கல. ஜெசி திரும்பினதும் துப்பிருவேன்."

ஜெசிந்தா கையிலிருந்த ஆய்வேட்டைப் பார்த்தாள். இரண்டு வருட உழைப்பு.

"அப்புறம் வலி எப்படிப் போச்சு?"

"தினமும் முட்டியை நீவிவிடுவா. நீவிக்கிட்டே அவளோட பேராசிரியர் மாதிரி நடிச்சுக் காட்டுவா. சிரிச்சுச் சிரிச்சே சரியாயிருச்சு."

தேர்வாளருக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய பேராசிரியர் துரைப்பாண்டி மெல்ல நிமிர்ந்தார்.

"மாத்திரைக்குப் பட்டம் கிடையாதும்மா. நீவிவிட்டதை ஆறு மாசம் சோதிச்சு எழுதிட்டு வா," என்றார் தேர்வாளர்.

"அதுக்கு முன்னாடி அந்த நடிப்பைக் காட்டு," என்றார் பேராசிரியர்.

வேறு வழியில்லை. ஜெசிந்தா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். தொண்டையைச் செருமினாள்.

"ஏம்மா, இது தீசிஸா, தீவனமா?"

முதலில் ஆடு சிரித்தது. பிறகு தேர்வாளர். கடைசியாகத்தான் பேராசிரியர் சிரித்தார், ஆனால் அவரால் நிறுத்தவே முடியவில்லை.