தட்டாதே பெருசு

மைக்கைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெருசு எப்போது சுவரைத் தட்டும் என்று நாலு பேரும் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. முதல் பாட்டை இன்றைக்குப் பதிவு செய்தே தீருவது என்று முடிவு.

பெயிண்ட் கடை வேறு தெருவுக்கு மாறிப்போனதில் காலியான குடோன் அது. நாலு பேருக்கும் ராத்திரி வேலை, அதனால் பகலில்தான் கச்சேரி. பாட ஒரு பெண், கிட்டாருக்கு பஸ் டிப்போ மெக்கானிக்கும் அவன் தம்பியும். ட்ரம்ஸ் வாங்க வக்கில்லாமல், கடைக்காரர் விட்டுப்போன டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு அடித்தவனுக்குத் தகரம் என்றே பெயர் விழுந்துவிட்டது. பங்க் இசைக்கு வேறென்ன வேண்டும்? கிட்டாரில் மூன்று கார்டு, வயிறெரிய ஒரு கோபம், காது கிழியும் சத்தம்.

தகரத்திடம் கோபத்துக்குக் குறைவே இல்லை. இந்தச் சனியனை விட்டால்தான் வீட்டுக்குள் கால் வைக்கலாம் என்று அப்பா துரத்திவிட்டு ஒரு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் ஒரு பேச்சு கிடையாது.

"பக்கத்து வீட்டம்மா உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம், ஒரு எட்டு போய்ப் பாருங்க" என்று சாவியைக் கொடுக்கும்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார். போனால் திட்டுத்தான் விழும் என்று யாரும் போகவில்லை. அந்தம்மா விடிவதற்குள் வேலைக்குப் போய்ச் சாயங்காலம்தான் திரும்புவாள். சுவரைத் தட்டுவது அவள் புருஷன் என்பது மட்டும் தெரியும்.

அவர் தட்டத் தட்ட இவர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். ஒருநாள் வாசிப்பை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோதும் டொக் டொக் என்று கேட்டது. நாம் டீ உறிஞ்சுவதுகூடப் பெருசுக்கு ஆகவில்லை என்று பாடகி சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பிறந்ததுதான் 'தட்டாதே பெருசு' பாட்டு.

பதிவு நாளன்று பெருசு ஏமாற்றவில்லை. பாட்டின் நடுவில் ஆரம்பித்து விடாமல் தட்டினார். தகரமும் சளைக்காமல் டப்பாவில் பதில் கொடுத்தான். கடைசியில் சுவர்ச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றே போனது. ஜெயித்துவிட்டோம் என்று மெக்கானிக் துள்ளிக் குதித்தான்.

அந்தக் கையோடு பாட்டைத் தூக்கிக்கொண்டு பத்து நாள் ஊர் ஊராக அலைந்தார்கள். அலைந்தது வீண் போகவில்லை. காலேஜ் பிள்ளைகள் மேசையைத் தட்டித் தட்டிப் பாடினார்கள், பெரிய அரங்கம் ஒன்றிலிருந்து அழைப்பும் வந்தது. ஆனால் குடோனுக்குத் திரும்பிய பிறகு சுவரிலிருந்து ஒருநாளும் தட்டும் சத்தம் வரவில்லை.

தகரத்துக்கு அது உறுத்தியது. பெரியவர் மனசு நொந்துபோய்விட்டாரோ? அப்பாதான் முகம் கொடுக்க மாட்டேனென்கிறார், இந்த ஒரு பெரியவராவது மன்னித்தால் போதும் என்றிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்வரிசை டிக்கெட் இரண்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான்.

குடோன் பையன் என்றதும் அந்தம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். சுவரோரக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தது. பெரியவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம்.

தகரம் டிக்கெட்டுகளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். "மன்னிச்சிடுங்கம்மா. நாங்க அவரை நிம்மதியா இருக்கவே விடல."

"அப்படிச் சொல்லாதப்பா. உங்க சத்தம் கேட்டாத்தான் அவருக்குத் தைரியம்."

பக்கவாதம் வந்ததிலிருந்து மனுஷருக்குப் பேச்சும் இல்லை, நடையும் இல்லை. ஏதாவது என்றால் சுவரைத் தட்டுங்கள், பையன்கள் ஓடி வருவார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் வேலைக்குக் கிளம்புவாளாம். அதற்காகக் கதவைக்கூடப் பூட்டுவதில்லை. கடைக்காரரிடமும் சொல்லி அனுப்பியிருந்தாளே.

"எத்தனை தடவை வந்து தூக்கி விட்டீங்களோ, அவரால எங்கிட்ட சொல்லவும் முடியல. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நானே இருந்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து பார்த்தபோது சுவரோரமாக விழுந்து கிடந்தாராம், உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"அன்னைக்கு நீங்க யாரும் வரலியாப்பா?"