சண்டையில்லாத நான்கு ஆண்டுகள்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, குடிவரவு அலுவலகத்தின் நான்காம் அறையில், லிப்ட் மெக்கானிக் ஒருவர் தன் மனைவிக்கான விசா விண்ணப்பத்தோடு விசாரணைக்கு வந்தார். கல்யாணமாகி நான்கு ஆண்டுகள். சேர்ந்து வாழ்ந்தது நாற்பது நாள். மனைவி ஊரில் இருந்தாள். இது தள்ளுபடியானால் மறுபடி இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உறவு உண்மையானதுதான் என்று காட்ட, இருவரும் அனுப்பிக்கொண்ட மெசேஜ்களை அறுநூறு பக்கங்களுக்கு அச்செடுத்து வந்திருந்தார்.

அதிகாரி அம்மா புரட்டிக்கொண்டே கேட்டார். "நாலு வருஷத்துல ஒரு சண்டை கூடவா இல்ல?"

"இல்ல மேடம்."

"நான் என் வீட்டுக்காரரோட இன்னிக்குக் காலைலயே ரெண்டு தடவ போட்டாச்சு. இது யாரோ உக்காந்து எழுதிக் குடுத்த மாதிரி இருக்கே."

மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்தார். "உண்மையச் சொல்லிடறேன் மேடம். வாராவாரம் சண்டைதான். நீங்க தப்பா நினைப்பீங்கன்னு அதையெல்லாம் போன்லேர்ந்தே அழிச்சிட்டேன். வேணும்னா அவளையே கேளுங்க."

அதிகாரியின் முகம் சற்று இளகியது. "கேக்கறேன். நீங்க வாயத் திறக்கக் கூடாது."

ஸ்பீக்கரில் மனைவியை அழைத்து, தான் யாரென்று சொல்லிவிட்டுக் கேட்டார். "ஏம்மா, உங்களுக்குள்ள சண்டை வருமா?"

"சண்டையா? ஒருநாளும் இல்லீங்க. அவர் என்கிட்ட அதிர்ந்துகூடப் பேசினதில்ல."

அவள் குரலில் தடுமாற்றமே இல்லை. முந்தின நாள் ஒத்திகையில் தடுமாறினாள் என்றுதான் மெக்கானிக் போனில் கத்தி, அவள் அழ அழ, இதே பதிலை இருபது முறை சொல்லவைத்திருந்தார்.

கணவன் மனைவி வாக்குமூலங்கள் முரண்பட்டதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.