மூன்றாவது குழாய்

“இன்னும் நாறுது,” என்றார் பல் டாக்டர்.

மெக்கானிக்குக்குக் கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மெக்கானிக்கின் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. டாங்கிலிருந்து பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்துப்போயிருந்தது. போன வாரம் மாற்றினார். நாறுகிறது என்று வந்து நின்றார் டாக்டர். முந்தாநாள் புதுக் கிளாம்ப் போட்டு மறுபடியும் மாற்றினார். இதோ, திரும்பவும் வந்து நிற்கிறார்.

“எங்க டாக்டர் நாறுது? நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே மூக்கை வச்சிருந்தா எல்லாம் நாறத்தான் செய்யும்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “நாளைக்கு என் பொண்ணைப் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டப் போறேன். விளையாடாதீங்க.”

விளையாடுகிறவரா மெக்கானிக்?

அந்தக் குழாய் போகிற இடம் அவருக்குத் தெரியாதா? சைலன்சருக்குப் போகும் கொதிக்கிற குழாய்க்கு நாலு விரற்கடை மேலே. ஒரு சொட்டு கசிந்தாலும் சூட்டில் விழுந்து, கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்துவிடும். காயாத அன்றைக்கு வண்டி பற்றிக்கொள்ளும். அதனால்தான் அவர் கண்ணை நம்புவதில்லை, மூக்கைத்தான் நம்புவார். இருபத்தெட்டு வருஷத் தொழிலில் அது ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு, முந்தாநாள் போட்ட குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மூன்றாவதைச் செருகினார். விரல் முட்டியில் இரண்டு இடத்தில் தோல் உரிந்தது. எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் தலையைக் கவிழ்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முகர்ந்தார்.

ஒன்றுமே இல்லை.

“வாங்க, நீங்களே மோந்து பாருங்க!”

“அதான் இங்கேருந்தே மோந்துட்டு நிக்கிறேனே!” பத்தடி தள்ளி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார் டாக்டர்.

என்ன நடிப்பு! உயிரை வாங்கவே வண்டி வாங்கியிருக்கிறார் மனுஷன்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கின் மனைவி டிபன் கேரியரோடு வந்தாள். வாசலோடு நின்றுவிட்டாள்.

“ஏங்க, முதல்ல எஞ்சினை அணைங்க! தெருமுனை வரைக்கும் பெட்ரோல் நாத்தம் குடலைப் புரட்டுது. உங்க மூக்கு என்ன செத்தா போச்சு?”

அணைத்தார்.

கழற்றிப் போட்ட குழாயை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளே தேங்கியிருந்த பெட்ரோல் உள்ளங்கையில் வழிந்தது. முகத்தருகே கொண்டுபோனார். இன்னும் கிட்டே. மூக்கு நுனியே நனைந்தது.

வெறும் தண்ணீர் போலிருந்தது.

மூன்று குழாய் மாற்றியும் நிற்காத கசிவு குழாயில் இல்லை, பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்பில் என்று அந்த மூக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

போன மாதம் ஜுரத்தில் படுத்து எழுந்ததிலிருந்து சாப்பாடு மண்ணாக இருக்கிறதென்று இவளோடு போட்ட சண்டையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

டாக்டர் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் மேசைக்குப் போய் நோட்டைப் பிரித்தார்.

ஜுரத்துக்குப் பிறகு பெட்ரோல் குழாய் மாற்றி, முகர்ந்து பார்த்து, ‘சரி’ என்று எழுதி அனுப்பிய வண்டிகள்: பதினொன்று.

போனை எடுத்து முதல் வண்டிக்காரரின் எண்ணை அழுத்தினார்.

“ஓரமா நிறுத்திட்டு இறங்குங்க,” என்றார், எதிர்முனையில் யாரென்றுகூடக் கேட்காமல்.